விதை யாருடையது? செஸ் எஞ்சின் போட்டிகளும் ஒரு நுழைவு விதியும்

இன்னைக்கு எபிசோடை ஒரு கோயில்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போற வழியில் பூவனூர்னு ஒரு ஊர். சுத்தி எங்க பார்த்தாலும் வயல். அங்கே இருக்கிற சிவனுக்குப் பேரு சதுரங்க வல்லபநாதர். அப்பர் பாடிய பழைய தலம். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தப்போ இந்தக் கோயில் பேரு ரொம்பவே அடிபட்டது. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

தல வரலாறு இதுதான். வசுசேனன்னு ஒரு ராஜா. அவர் மகள் ராஜராஜேஸ்வரி. சதுரங்கத்தில் அவளை ஜெயிக்க ஆளே கிடையாது. யார் ஜெயிக்கிறாரோ அவருக்குத்தான் பொண்ணுன்னு ராஜா அறிவிச்சிடுறார். வந்தவங்க எல்லாரும் தோத்துட்டுப் போறாங்க. ராஜா குடும்பத்தோட யாத்திரையா பூவனூர் வந்து தங்கியிருக்கும்போது, வயசான ஒரு சித்தர் வந்து "நான் ஆடறேன்"ங்கிறார். ஆடுறார், ஜெயிச்சுடுறார். இந்தக் கிழவருக்கா பொண்ணைக் கொடுக்கறதுன்னு ராஜா திகைச்சு நிக்கும்போது, சித்தர் தன் நிஜ உருவத்தைக் காட்டுறார். வந்தது சிவபெருமான்.

சின்ன வயசுல பாட்டி இந்தக் கதையைச் சொன்னப்போ கைதட்டிக் கேட்டிருக்கேன். போன மாசம் அதே சந்நிதியில் நிக்கும்போது வேற ஒண்ணு தோணுச்சு. அந்த ராஜா போட்ட நுழைவு விதி ஒருவகையில் ரொம்ப நல்ல விதி. வயசு கேட்கல, ஊர் கேட்கல, குலம் கேட்கல. ஜெயிச்சா போதும். ஆனா "நீங்க யாரு?"ன்னும் அந்த விதி கேட்கல. எதிரில் உட்கார்ந்திருக்கிறது யாருன்னு தெரியாமலேயே அந்தப் பொண்ணு ஆடி முடிச்சிட்டா. சாமி கதையில் அதுக்குப் பேரு திருவிளையாடல். ஒரு டோர்னமென்ட்ல அதே மாதிரி நடந்தா என்ன பேரு?

இன்னைக்குப் பேசப் போறது அதைத்தான். கம்ப்யூட்டர் செஸ் எஞ்சின்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கிற போட்டிகள்ல யாரை உள்ளே விடலாம், எந்த நிபந்தனையோட விடலாம்? சின்ன விஷயம் மாதிரி தெரியும். இதுக்காகவே ஒரு உலக சாம்பியனின் பட்டங்கள் எல்லாம் பறிபோயிருக்கு. இதுல எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு. அதையும் சொல்லிடறேன்.

பெரிய மாடு, பூஞ்சிட்டு

முதல்ல வரலாறு. 1970-ல் நியூயார்க்கில், ஏ.சி.எம். என்ற கணினியாளர் அமைப்பின் மாநாட்டில், 6 செஸ் புரோகிராம்கள் ஒண்ணோட ஒண்ணு மோதின. அதில் ஜெயிச்சது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட செஸ் 3.0. நாலு வருஷம் கழிச்சு, 1974-ல், ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் முதல் உலக கம்ப்யூட்டர் செஸ் சாம்பியன்ஷிப் நடந்தது. 13 புரோகிராம்கள் வந்தன. பட்டம் சோவியத் யூனியனின் கைஸ்ஸாவுக்குப் போனது.

'வந்தன'ன்னு சொல்றேனே தவிர, அந்த மெஷின்களைத் தூக்கிட்டு வர முடியாது. ஒவ்வொண்ணும் ஒரு அறையை அடைச்சுக்கிட்டு நிக்கும். புரோகிராமர் போட்டி ஹாலில் உட்கார்ந்து, ஊரில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு டெலிபோனில் நகர்த்தலைச் சொல்லி, பதில் நகர்த்தலை வாங்கி, காயை நகர்த்துவார்.

அந்தக் காலத்தில் "இது உன்னோடதா?"ன்னு பெருசா சந்தேகம் வரல. ஒரு குறிப்பிட்ட மெஷினுக்காக எழுதின புரோகிராமை இன்னொரு மெஷினில் ஓட வைக்கிறதே மாசக்கணக்கான வேலை. திருடுறதை விட சொந்தமா எழுதறது சுலபம்னு கூடச் சொல்லலாம்.

அப்போ இருந்த நியாயக் கேள்வி வேற: மெஷின் பலம். 1983-ல் உலகப் பட்டம் ஜெயிச்ச கிரே பிளிட்ஸ் ஓடினது கிரே சூப்பர் கம்ப்யூட்டரில். வீட்டு மேசையில் வைக்கிற சின்ன கம்ப்யூட்டர் அதுகூட மோதினா எப்படி இருக்கும்?

நம்ம ஊர்ல இந்தக் கேள்விக்குப் பதில் எப்பவோ கண்டுபிடிச்சிட்டாங்க. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்திருக்கீங்களா? பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டுன்னு தனித்தனியா பிரிச்சுத்தான் ஓட விடுவாங்க. பூஞ்சிட்டை பெரிய மாட்டோட ஓட்ட மாட்டாங்க. கம்ப்யூட்டர் செஸ்ஸிலும் 1980-லிருந்து மைக்ரோ கம்ப்யூட்டர்களுக்குத் தனி சாம்பியன்ஷிப் வந்தது. 2009-ல் ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் நடந்த உலகப் போட்டியில், யாரும் 8 கோருக்கு மேல் இருக்கிற மெஷினைக் கொண்டுவரக் கூடாதுன்னு வரம்பு வச்சாங்க. இப்போ இணையத்தில் நடக்கிற டி.சி.இ.சி. போட்டியில் எல்லா எஞ்சினும் அமைப்பாளரோட மெஷினில்தான் ஓடணும். ஆட்டத்தின் ஆரம்ப நகர்த்தல்களையும் அமைப்பாளர்களே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறாங்க.

இது அளந்து பார்க்கக்கூடிய பிரச்சினை. கோர் எத்தனைன்னு எண்ணிடலாம். எண்ண முடியாத பிரச்சினை அடுத்ததுதான்.

ரெண்டு கிலோ வாங்கினா நாலு கிலோ

ஒரு செஸ் எஞ்சினுக்குள்ள முக்கியமா ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு தேடல்: நான் இப்படிப் போனா அவன் அப்படிப் போவான், அதுக்கு நான் இப்படின்னு லட்சக்கணக்கான வழிகளைப் பார்க்கிறது. இன்னொண்ணு மதிப்பீடு: அந்த வழியோட கடைசியில் வர்ற நிலைமை யாருக்கு நல்லதுன்னு ஒரு எண் போடுறது. குதிரைக்கு எத்தனை மார்க், ராஜாவுக்கு முன்னாடி சிப்பாய் இல்லைன்னா எத்தனை கழிக்கணும், இப்படி நூத்துக்கணக்கான எண்கள். அந்த எண்கள்ல தான் எழுதினவரோட வருஷக்கணக்கான உழைப்பு இருக்கு.

1990-களில் அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹயட், கிரே பிளிட்ஸை எழுதினவர், கிராஃப்டின்னு ஒரு எஞ்சினை எழுதி, அதோட சோர்ஸ் கோடை எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிட்டார். படிக்கலாம், கத்துக்கலாம், ஆனா அதை உங்க பேர்ல போட்டியில் இறக்கக் கூடாதுங்கிறது அவர் நிபந்தனை. 2005-ல் ஃபாபியன் லெதூசே என்ற பிரெஞ்சுக்காரர் ஃப்ரூட் 2.1 எஞ்சினின் சோர்ஸ் கோடை ஜி.பி.எல். லைசென்ஸில் கொடுத்தார். ஃப்ரூட் அதே வருஷம் உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடம் வாங்கின எஞ்சின். அந்தத் தரத்தில் ஒரு எஞ்சினோட உள்பக்கம் முழுசும் திறந்து கிடந்தது பலருக்குப் புதையல் மாதிரி.

ஜி.பி.எல்.னா என்ன? டெல்டாக்காரங்களுக்கு ஒரே வரியில் சொல்லிடலாம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் நெல் திருவிழா நடத்தினார். பாரம்பரிய நெல் ரகங்கள் 174-ஐத் தேடி மீட்டவர், 2018-ல் காலமானார். அந்தத் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் சும்மா கொடுப்பாங்க. ஒரே நிபந்தனை: அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பித் தரணும். அதை வச்சு இன்னும் ரெண்டு பேருக்குக் கொடுக்கலாம்.

ஜி.பி.எல். கிட்டத்தட்ட அதேதான். எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கூட காசு பார்த்துக்கோ. ஆனா நீ மாத்தினதை வெளியே கொடுக்கும்போது அதோட சோர்ஸ் கோடையும் அதே நிபந்தனையோட கொடுக்கணும். விதையை வாங்கிட்டுப் பத்தாயத்தைப் பூட்டிக்கக் கூடாது.

இப்போ என் கணக்கு. கல்லூரி ரெண்டாம் வருஷம். ஒரு டெக் விழாவில் செஸ் புரோகிராம் போட்டி. எனக்கு ஒரு மாசம்தான் நேரம். நான் என்ன பண்ணேன்னா, ஒரு ஓப்பன் சோர்ஸ் எஞ்சினை எடுத்து, சில எண்களை மாத்தி, திரையில் வர்ற பேரை மாத்தி, என் எஞ்சின்னு இறக்கிட்டேன். ரெண்டாம் பரிசு. என் கிளாஸ்மேட் ஒருத்தன் ராத்திரி பகலா உட்கார்ந்து முதல் வரியிலிருந்து சொந்தமா எழுதியிருந்தான். அவன் எஞ்சின் என்னோடதுகிட்ட 26 நகர்த்தல்ல தோத்தது. அவன் முதல் சுத்தோட வெளியே. கை கொடுத்துட்டு, "சூப்பரா எழுதியிருக்கடா"ன்னு சொல்லிட்டுப் போனான். நான் "தேங்க்ஸ்டா"ன்னேன்.

சின்ன மீன்

ரிப்கா. செக் மொழியில் 'சின்ன மீன்'னு அர்த்தம். எழுதினவர் வாசிக் ராய்லிக், அவரே ஒரு இன்டர்நேஷனல் மாஸ்டர். ஃப்ரூட் 2.1 வெளிவந்த சில மாசத்தில், 2005 டிசம்பரில், ரிப்காவின் முதல் பீட்டா வந்தது. வந்த வேகத்தில் தரவரிசைப் பட்டியல்களின் உச்சிக்குப் போனது. 2007 ஆம்ஸ்டர்டாம், 2008 பெய்ஜிங், 2009 பாம்ப்லோனா, 2010 ஜப்பானின் கனஸாவா. வரிசையா நாலு உலகப் பட்டம்.

இது நம்ம மாயவரத்துக்காரரையும் தொட்ட கதை. விஸ்வநாதன் ஆனந்த் பிறந்தது மயிலாடுதுறையில். 2010-ல் பல்கேரியாவின் சோஃபியாவில் அவர் வெசலின் டோபலோவ்கூட உலகப் பட்டத்துக்காக மோதினார். அந்த மேட்சுக்குத் தயாராக, அப்போ கடைக்கே வராத ரிப்கா 4-ஐ பெரிய கம்ப்யூட்டர் பலத்தோட டோபலோவ் தரப்பு பயன்படுத்தியிருந்தது. ஆனாலும் ஆனந்த் 6.5–5.5-ன்னு ஜெயிச்சு பட்டத்தைத் தக்க வச்சுக்கிட்டார். ஒரு எஞ்சின் யாருடையதுங்கிற கேள்வி மேசை மேல ஓடுற பொம்மைச் சண்டை இல்லைங்கிறதுக்காகத்தான் இதைச் சொல்றேன். மனுஷங்க ஆடுற உலகப் பட்டத்து மேசை வரைக்கும் அந்த மீன் நீந்திப் போயிருக்கு.

2011 ஜனவரியில் லெதூசே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ரிப்காவில் ஃப்ரூட்டின் பங்கு என்னன்னு கேள்வி எழுப்பினார். மார்ச்சில் புரோகிராமர்கள் பலர் சேர்ந்து ஐ.சி.ஜி.ஏ.வுக்குப் புகார் கொடுத்தாங்க. ஐ.சி.ஜி.ஏ.ங்கிறது உலக கம்ப்யூட்டர் செஸ் சாம்பியன்ஷிப்பை நடத்தின அமைப்பு.

அந்த அமைப்பின் நுழைவு விதி என்ன சொன்னதுன்னு கவனிங்க, இதுதான் மொத்தக் கதைக்கும் அச்சாணி. புரோகிராம் நுழைகிறவரின் சொந்தப் படைப்பா இருக்கணும். அடுத்தவர் எழுதின கோடிலிருந்து வந்திருந்தா, அந்த எழுத்தாளர்கள் பேரை விண்ணப்பத்தில் சொல்லணும். இன்னொண்ணோட கிட்டத்தட்ட நகலா இருந்தா செல்லாதுன்னு அறிவிக்கலாம். அதாவது எடுக்கவே கூடாதுன்னு விதி சொல்லல. எடுத்திருந்தா வாசல்லேயே சொல்லுங்கிறது.

ரிப்காவின் சோர்ஸ் கோட் வெளியில் கிடையாது. அதனால ஓடுற கோப்பைப் பிரிச்சு, பின்னோக்கிப் படிச்சுத்தான் ஒப்பிட்டாங்க. ரிப்காவின் ஆரம்பகாலப் பதிப்புகளில் கிராஃப்டியின் கோட் இருக்குன்னும், பிந்தைய பதிப்புகளின் மதிப்பீட்டில் ஃப்ரூட்டின் அம்சங்கள் வரிசையா வருதுன்னும் அறிக்கை சொன்னது. ரொம்பப் பேசப்பட்ட ஒரு சின்ன சாட்சி: நேரத்தைக் கணக்கு பண்ற ஒரு இடத்தில் முழு எண் போதும், வெறும் 0 போட்டா சரி. அங்கே ரிப்காவில் தசமப் புள்ளியோட 0.0. ஃப்ரூட்டிலும் அதே இடத்தில் அதே 0.0. ரெண்டு விடைத்தாள்ல ஒரே எழுத்துப் பிழை இருந்தா வாத்தியார் என்ன நினைப்பார்?

2011 ஜூனில் தீர்ப்பு. 2006-லிருந்து 2010 வரைக்குமான ரிப்காவின் இடங்களும் பட்டங்களும் ரத்து. கோப்பையையும் பரிசுப் பணத்தையும் திருப்பித் தரணும். ராய்லிக்குக்கு ஆயுள் தடை. 2007 பட்டம் அன்னைக்கு ரெண்டாவது வந்த ஸாப்பாவுக்குப் போனது. நாலு வருஷம் கழிச்சு.

மறுபக்கம்

இங்கேயே நிறுத்திட்டா கதை சுலபம். ஆனா அப்படி நிறுத்துறது நியாயம் இல்லை.

ராய்லிக் விசாரணைக் குழுவுக்கு விரிவான பதில் தரல. ஆனா ரிப்கா தன் சொந்தப் படைப்புங்கிறதில் உறுதியா நின்னார். ஃப்ரூட்டின் கோடை முழுசாப் படிச்சு அதிலிருந்து நிறைய கத்துக்கிட்டதை அவர் மறைக்கல, ரிப்கா வந்த புதுசுலேயே பேட்டியில் சொல்லியிருந்தார். யோசனையை எடுக்கறதும் கோடை எடுக்கறதும் ஒண்ணா? ரெண்டு எஞ்சினும் பலகையை மெமரியில் வச்சுக்கிற முறையே வேற. அதனால ஃப்ரூட்டின் மதிப்பீட்டை ரிப்காவில் அப்படியே ஒட்ட முடியாது, திரும்ப எழுதித்தான் ஆகணும். அப்போ அது நகலா, படிச்சுக் கத்துக்கிட்டதா? 2012-ல் சோரன் ரீஸ் என்ற கணினி அறிவியலாளர் இந்தத் தீர்ப்பு பெரிய அநீதின்னு விரிவா எழுதினார்.

விசாரிச்சது யாருங்கிற கேள்வியும் இருக்கு. விசாரணையை நடத்தின மூணு பேரில் ஒருத்தர் ராபர்ட் ஹயட். தன் கோடை எடுத்துட்டாங்கன்னு சொல்லப்படுற கிராஃப்டியின் ஆசிரியர். அவருக்கு விஷயம் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது, அவரை விட நல்லாத் தெரிஞ்சவங்க கிடையாது. ஆனா வரப்புத் தகராறில் பக்கத்து வயல்காரரே நாட்டாமையா உட்கார்ந்தா, தீர்ப்பு சரியாவே இருந்தாலும் ஊர் ஒத்துக்குமா?

ராய்லிக் தரப்பு இதை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேவின் நெறிமுறைக் குழுவுக்குக் கொண்டு போனது. 2015-ல் அந்தக் குழு ரெண்டையும் தனியா பிரிச்சுப் பார்த்தது. போட்டியிலிருந்து நீக்கினதை அது மாத்தல. ஆனா ஆயுள் தடை விதிக்க ஐ.சி.ஜி.ஏ.வின் சட்டதிட்டத்தில் இடமே இல்லைன்னு சொல்லி, அந்த அமைப்புக்கு எச்சரிக்கை கொடுத்தது. நுழையறவருக்கு மட்டும் விதி போதாது. விதி வச்சவங்களுக்கும் விதி வேணும்.

இதுக்கு முன்னாடியே ஒரு தலைகீழ் சம்பவம் உண்டு. 2003-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில் லிஸ்ட்ங்கிற எஞ்சின் மேல கிராஃப்டியின் நகல்னு சந்தேகம் வந்தது. சோர்ஸ் கோடைக் காட்டுன்னு கேட்டாங்க. எழுதினவர் காட்டல, வெளியேத்திட்டாங்க. பின்னாடி கோடைப் பரிசோதிச்சப்போ அது நகல் இல்லைன்னு தெரிஞ்சது. ஆனா அந்த டோர்னமென்ட் முடிஞ்சு போச்சு. சோர்ஸ் கோடுங்கிறது ஒருத்தரோட வருஷக்கணக்கான ரகசியம். எதிராளிங்க நடத்துற அமைப்புகிட்ட அதைக் கொடுக்க ஒருத்தர் தயங்குறது குற்றமா? யார் பார்ப்பாங்க, எப்போ பார்ப்பாங்க, பார்த்ததை எப்படிப் பாதுகாப்பாங்கன்னு முன்கூட்டியே எழுதி வச்சிருந்தா, அந்தத் தயக்கத்துக்கே வேலை இருந்திருக்காது.

அப்பா பேரு, அம்மா பேரு

இந்தச் சிக்கலை வேற ஒரு துறை எப்படிச் சமாளிக்குதுன்னு பார்க்க மறுபடி டெல்டாவுக்கு வரலாம். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஆடுதுறை. அங்கே 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. எங்க தாத்தா தலைமுறைக்கு ஏ.டி.டி. 27-ன்னா குறுவைக்குப் புது வாழ்வு கொடுத்த ரகம். ஏ.டி.டி.ங்கிறது ஆடுதுறைதான். அந்த ரகம் எப்படி வந்தது? ஜப்பானிய நெல் நோரின் 10-ஐயும் நம்ம ஜி.இ.பி. 24-ஐயும் சேர்த்து உருவாக்கினது. ஆடுதுறை 43? ஐ.ஆர். 50-க்கும் வெள்ளைப் பொன்னிக்கும் பிறந்தது.

இந்த விவரம் எல்லாம் ரகசியம் இல்லை. ஒரு ரகத்தை வெளியிடும்போதே அதோட அப்பா அம்மா பேரை அச்சடிச்சுத்தான் வெளியிடறாங்க. ஆடுதுறை 43 சொந்தப் படைப்பு இல்லைன்னு யாரும் சண்டைக்குப் போகல. வெறும் வானத்திலிருந்து யாரும் நெல்லை உருவாக்க முடியாதுங்கிறது எல்லாருக்கும் தெரியும்.

2001-ல் இந்தியாவில் வந்த பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இதை விதியாவே ஆக்கியிருக்கு. புது ரகத்தைப் பதிவு பண்ணணும்னா மத்த ரகங்களிலிருந்து அது வேறுபடணும், பயிர் ஒரே சீரா இருக்கணும், தலைமுறை தாண்டியும் குணம் மாறாம இருக்கணும். விண்ணப்பத்தில் பெற்றோர் ரகங்கள் என்ன, எங்கிருந்து வந்தது, எந்த விவசாயி அல்லது கிராமத்தின் பங்கு அதில் இருக்குன்னு சொல்லணும். ஏற்கனவே இருக்கிற ரகத்திலிருந்து முக்கால்வாசியும் அப்படியே வந்து, ஒரு குணம் மட்டும் மாறியிருந்தா, அதுக்குத் தனிப் பிரிவே வச்சிருக்காங்க: 'அடிப்படையில் இன்னொன்றிலிருந்து பெறப்பட்ட ரகம்'.

உதாரணத்துக்கு சி.ஆர். 1009. டெல்டாவில் சம்பா பட்டத்துக்கு ரொம்ப வருஷமா போடுற ரகம். வெள்ளத்தில் மூழ்கினாலும் ரெண்டு வாரம் போல தாக்குப்பிடிக்கிற சப்-1 மரபணுவை அதில் சேர்த்தாங்க. அந்த மரபணு வந்தது ஒடிசாவின் பழைய நெல் ஒண்ணிலிருந்து. புது ரகத்துக்கு வச்ச பேரு சி.ஆர். 1009 சப்-1. பேரைக் கேட்டாலே எதிலிருந்து வந்தது, என்ன சேர்ந்ததுன்னு ரெண்டும் தெரியுது. அதனால அதோட மதிப்பு ஒரு மரக்கால் கூட குறையல. வடகிழக்குப் பருவமழையில் வயல் மூழ்கும்போது விவசாயிக்கு வேண்டியது அந்த ஒரே ஒரு மாற்றம்தான்.

இதே கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஸ்டாக்ஃபிஷைப் பாருங்க. இன்னைக்கு உங்க போன்ல இருக்கிற எஞ்சின் அநேகமா அதுதான். நார்வேக்காரர் டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதின கிளாவுருங் எஞ்சினின் கோடை எடுத்து, 2008-ல் மார்கோ கோஸ்டால்பா ஆரம்பிச்சது. எடுத்தார், சொன்னார், ஜி.பி.எல். நிபந்தனைப்படி திறந்தே வச்சார். ரோம்ஸ்டாடே அதில் வந்து சேர்ந்துக்கிட்டார். 2 கிலோ 4 கிலோவா திரும்பி, ஊரே சேர்ந்து வளர்த்த வயலாச்சு.

2021-ல் செஸ்பேஸ் நிறுவனம் ஃபேட் ஃபிரிட்ஸ் 2-ன்னு ஒரு எஞ்சினை வித்தது. அதோட உடம்பு ஸ்டாக்ஃபிஷ், நியூரல் நெட்வொர்க் மட்டும் புதுசு. லைசென்ஸை மீறிட்டாங்கன்னு ஸ்டாக்ஃபிஷ் குழு ஜெர்மனியில் வழக்கு போட்டது. 2022 நவம்பரில் சமரசம்: ஸ்டாக்ஃபிஷ் கோட் இருக்கிற பொருட்களை ஒரு வருஷம் விற்கிறதை செஸ்பேஸ் நிறுத்திக்கும். ரிப்கா விவகாரம் ஒரு போட்டி விதி பத்தினது. இது வழக்கு வரைக்கும் போனது. ஆனா ரெண்டிலும் சண்டைக்கு வேர் ஒண்ணுதான்: எங்கிருந்து வந்ததுன்னு எப்போ, எவ்வளவு வெளிப்படையா சொன்னாங்க?

இப்போ கேள்வி இன்னும் சிக்கலாகுது. மதிப்பீட்டு எண்களை மனுஷன் எழுதற காலம் போயிடுச்சு. நியூரல் நெட்வொர்க் தானே கத்துக்குது. ஸ்டாக்ஃபிஷின் நெட்வொர்க் லீலாங்கிற இன்னொரு எஞ்சினின் ஆட்டங்களைப் படிச்சும் வளர்ந்தது. லீலா தரப்பு அந்தத் தரவைத் திறந்து கொடுத்திருக்கு, ஸ்டாக்ஃபிஷ் தரப்பும் அதை மறைக்கல. ஆனா கோடை ஒப்பிட்டுப் பிழை கண்டுபிடிச்ச மாதிரி, ஒரு நெட்வொர்க் யாரோட ஆட்டத்தைப் படிச்சு வளர்ந்ததுன்னு பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம். இனிமே 0.0 மாதிரி சாட்சி கிடைக்காது. நுழையும்போது கேட்கிற கேள்வியும், அதுக்கு ஒருத்தர் கொடுக்கிற நேர்மையான பதிலும்தான் மிச்சம்.

1974-ல் ஸ்டாக்ஹோமில் ஆரம்பிச்ச அந்த உலக சாம்பியன்ஷிப் 2024-ல் ஸ்பெயினின் சான்டியாகோ டி கம்போஸ்டெலாவோட முடிஞ்சது. இதுதான் கடைசின்னு சொல்லிட்டுத்தான் நடத்தினாங்க. சரியா 50 வருஷம்.

ஒரு போன் கால்

இந்த எபிசோடுக்குத் தயார் பண்ணிட்டிருக்கும்போது என் பழைய கிளாஸ்மேட்டுக்கு போன் போட்டேன். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு பேசி. குழந்தை, வேலைன்னு கொஞ்ச நேரம் ஓடிச்சு. அப்புறம் சொன்னேன்: "டேய், அன்னைக்கு அந்த எஞ்சின் நான் எழுதினது இல்லடா."

அவன் சிரிச்சான். "அது எனக்கு அப்பவே தெரியும்டா. ஒரு மாசத்துல அப்படி ஆடுற எஞ்சினை நீயோ நானோ எழுதிட முடியுமா?"

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? ஃபார்ம்ல பேரு, டிபார்ட்மென்ட், போன் நம்பர். அவ்வளவுதான் கேட்டிருந்தாங்க. எங்கேர்ந்து எடுத்தன்னு யாருமே கேட்கலையே. நான் போய்ச் சொல்லியிருந்தா, தோத்த வயித்தெரிச்சல்ல பேசறான்னுதானே சொல்லியிருப்பாங்க?"

நுழைவு விதி திருடனைப் பிடிக்கத்தான்னு நான் ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன். தோத்தவன் எழுந்து நின்னு ஒரு கேள்வி கேட்கவும் அது இடம் கொடுக்கணும்னு அவன் சொன்னப்போதான் புரிஞ்சது. தீர்ப்பு சரியோ தப்போ, ஸாப்பாவை எழுதினவருக்கு நாலு வருஷம் கழிச்சாவது பட்டம் வந்ததுன்னா, அந்த ஃபார்ம்ல அந்த ஒரு வரி இருந்ததால. அதே மாதிரி, லிஸ்ட் எழுதினவர் மேல வந்த சந்தேகத்தை அன்னைக்கே தீர்க்க ஒரு தெளிவான முறை இருந்திருந்தா, அவரும் தன் ஆட்டத்தை ஆடி முடிச்சிருப்பார்.

அந்த ரெண்டாம் பரிசுக் கேடயம் எங்க அம்மா வீட்டு ஷோகேஸ்ல இன்னும் இருக்கு. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது எடுத்து உள்ள வச்சிடலாம்னு இருக்கேன். அவனுக்கு அனுப்பட்டுமான்னு கேட்டேன். "எனக்கு எதுக்குடா அது? நீ எடுத்த எஞ்சினை எழுதினவன் பேரை முதல்ல சொல்லு, கேட்போம்"ன்னான்.

எனக்கு அந்தப் பேரு ஞாபகம் வரல.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.